பழந்துப்பாக்கியின் பூர்வீகம்

முன்னோர் வைத்துச் சென்ற பொருளுக்கு எந்த வீட்டிலும் தனி மதிப்பு உண்டு. வெற்றிலைத் தட்டமாயினும், வெள்ளிப்பூண் கட்டிய கைத்தடியாயினும், அதனைக் கையில் எடுக்கும்போது அதை ஆண்டு அனுபவித்தவரின் நினைவும் உடன் வருகின்றது. பொருளோடு ஒரு கதையும் வருகின்றது. தட்டத்தின் கதை சற்றே பிழைபட்டாலும் எவர்க்கும் கேடில்லை. ஆனால், அப்பொருள் ஒரு துப்பாக்கியாக இருந்துவிட்டால் நிலைமை வேறு. அது யாரால் செய்யப்பட்டது, எந்தப் போரில் எவர் கையில் இருந்தது, எவ்வழியாக இவ்வீட்டுக்கு வந்தது என்னும் வினாக்கள் எழுகின்றன. அவை எல்லாவற்றிற்கும் மேலாக, அது என்ன உரிமையோடு கைமாறியது என்னும் வினா எழுகின்றது. இவ்வினாக்களுக்கு விடை காணும் முறையை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

துப்பாக்கிக்கும் அரசாங்க ஏட்டுக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுவதற்கு மாத்தளையைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் வேறொன்றைக் காண்பது அரிது. 1848ஆம் ஆண்டு தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் ஆட்சி, துப்பாக்கி வைத்திருப்போர் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஆண்டுதோறும் 2 சிலிங் 6 பென்ஸ் செலுத்தி அனுமதி பெறவேண்டும் என விதித்தது. நாய்க்கும் வரி, கடைக்கும் வரி என வேறு சுமைகளும் ஏறின. பயிரைப் பன்றியிடமிருந்து காக்கப் பழந்துப்பாக்கி ஒன்றையே நம்பியிருந்த கண்டிப் பகுதிக் குடியானவர்க்கு இது பொறுக்கலாகாத கொடுமையாயிற்று. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசராக முடிசூட்டப்பெற்றார். அவருடைய மக்கள் வாரியப்பொல வழியாக மாத்தளைக்குள் புகுந்து கச்சேரியைத் தாக்கி, வரி ஏடுகள் சிலவற்றை அழித்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. பூரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மக்கள் சினந்து அழித்தது அநீதியின் கணக்கு, அதில் ஐயமில்லை. எனினும், அம்மக்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகளானோர் இன்று ஒரு பழந்துப்பாக்கியின் வரலாற்றை அறிய விரும்பினால், அவர்கள் முதலிலே தேடவேண்டியதும் அத்தகைய ஏட்டையே ஆகும்.

இனி, ஆராய்ச்சி முறை விளங்குவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனையாக மனத்திற் கொள்ளலாம். மாத்தளைக்கு வடக்கே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் அக்குடும்பத்தின் பாட்டனார். தோட்டத்துப் பெரியதுரை சீமைக்குத் திரும்பும் நாளில், நெடுங்கால ஊழியத்துக்கு நன்றியாக ஒரு ஜெர்மன் கைத்துப்பாக்கியை அவரிடம் கொடுத்துச் சென்றார் என்பது வீட்டில் வழங்கும் கதை. முதல் உலகப் போரில் கலிப்போலி மலைச்சரிவில் ஒரு ஜெர்மன் அதிகாரியிடமிருந்து துரை தம் கையாலேயே அதனைப் பறித்தார் என்பது கதையின் முற்பகுதி. பாட்டனார் மறைந்த பின்னர், பெட்டியின் அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றியபடி அப்பொருள் காணப்படுகின்றது. வீட்டார் யாது செய்தல் வேண்டும்?

ஆராய்ச்சி தொடங்குமுன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அதனை எடுத்து விளையாடுதலும், விசையை இழுத்துப் பார்த்தலும் கூடா. ரவைக்கூட்டைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறுமையாயிற்று என்று எண்ணுதல் பெரும் பிழை. கூட்டைக் கழற்றிய பின்னும் குழலின் அறையில் ஒரு ரவை தங்கியிருத்தல் கூடும். அதனால் உயிரிழந்தோர் உலகெங்கும் பலர். மேலும், இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இன்றிச் சுடுகலனை வைத்திருத்தல் குற்றமாகும். அனுமதிப்பத்திரம் ஆளுக்கு உரியது. நிலத்தைப்போலவும் நகையைப்போலவும் அது பிள்ளைக்குத் தானாக வந்து சேர்வதில்லை. ஆகவே, கண்ட பொருளைக் கண்ட இடத்திலேயே விட்டு, அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும். அதிகாரிகள் அதனைப் பாதுகாப்பாக வெறுமையாக்கிய பின்னர், அவர்கள் அனுமதியோடு எடுக்கும் தெளிவான நிழற்படங்கள் சிலவே ஆராய்ச்சிக்குப் போதுமானவை. துப்பாக்கி வீட்டில் இருந்தால்தான் அதன் வரலாற்றை அறியலாம் என்பதில்லை.

அடுத்து, ஜெர்மன் துப்பாக்கி ஒன்று மலைநாட்டுக்கு வந்திருக்கக்கூடிய வழிகளைக் காண்போம். தோட்டத்துரைமார் சேர்ந்து 1900ஆம் ஆண்டில் அமைத்த இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை முதல் உலகப் போரின்போது பெயர் பெற்றது. 1914 அக்டோபரில் அதனைச் சேர்ந்த இருநூறுக்கு மேற்பட்டோர் கொழும்பிலிருந்து எகிப்துக்குக் கப்பலேறினர். 1915இல் அவர்களிற் பலர் கலிப்போலியில் தளபதி பேர்ட்வுட்டின் மெய்காவலராயினர். வேறு பலர் அதிகாரப் பதவி பெற்றுப் பல போர்முனைகளுக்கும் பிரிந்து சென்றனர். இது முதல் வழி. இரண்டாம் வழி கடல்வழி. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் சென்னையைக் குண்டெறிந்து நடுங்கச் செய்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவருகே சிட்னி என்னும் ஆஸ்திரேலியக் கப்பலால் வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பிய மாலுமிகள் கைதிகளாகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர். எமகாதகனை 'எம்டன்' என்னும் வழக்கு தமிழில் அக்கப்பலால் வந்ததே. மூன்றாம் வழி இரண்டாம் உலகப் போர். அப்போது சிகிரியாவில் பிரித்தானிய விமானத்தளம் அமைந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் டில்லியிலிருந்து பேராதனைக்கு மாறியது. பல நாட்டுப் படையினரும் மாத்தளை வீதியிற் சென்றனர். நான்காம் வழி மிக எளியது: போரே இல்லாமல் கடையில் வாங்கிய துப்பாக்கி. முதல் உலகப் போருக்கு முன்னரே ஜெர்மன் மௌசர் கைத்துப்பாக்கிகள் இங்கிலாந்துக் கடைகளில் தாராளமாய் விற்பனையாயின. 1898இல் ஒம்துர்மான் போரில் வின்ஸ்டன் சர்ச்சில் கையிலிருந்தது அத்தகைய ஒன்றே.

நான்கு வழிகளும் நடந்திருக்கக்கூடியவை. ஆனால், நடந்திருக்கக்கூடியது வேறு; நடந்தது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுபவை இரும்பின்மேல் உள்ள குறிகள்.

முதலில் இனம் அறிதல் வேண்டும். பின்புறத்தில் முழங்கால்போல மடங்கி எழும் இணைப்பு இருக்குமாயின் அது லூகர். ஜெர்மன் கடற்படை அதனை 1904இலும் தரைப்படை 1908இலும் ஏற்றன. தரைப்படையின் வகைக்கு அதனால் 'பி. 08' எனப் பெயர் வந்தது. தரைப்படையின் குழல் சுமார் 100 மில்லிமீற்றர். கடற்படையின் குழல் 150 மில்லிமீற்றர். எனவே, எம்டனிலிருந்து வந்தது என்று பெருமை பேசப்படும் லூகரின் குழல் குட்டையாக இருக்குமாயின் அப்பேச்சை ஐயுறுதல் தகும். விசைக்கு முன்னே பெட்டிபோன்ற ரவையறையும், துடைப்பக் கட்டையின் முனைபோன்ற கைப்பிடியும் இருந்தால் அது மௌசர். 1938இல் ஏற்கப்பட்டு லூகரின் இடத்தைப் பெறத் தொடங்கியது வால்தர் பி. 38. அது ஒருவர் கையில் இருக்குமாயின், முதல் உலகப் போர்க்கதை முழுவதும் அக்கணமே வீழ்ந்துவிடும்.

இனத்துக்கு அடுத்தது ஆண்டு. படைக்குச் செய்த லூகரில், அறையின் மேற்புறத்தில் 1915, 1917 என ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். இணைப்பின்மேல் செய்தவர் குறி இருக்கும். முடியாட்சிக் காலத்துப் பரிசோதகர் முத்திரையில் கிரீடமும், ஹிட்லர் ஆட்சிக் காலத்து முத்திரையில் கழுகும் எண்ணும் காணப்படும். 1934க்குப் பின்னர், ஆயுத உற்பத்தியின் அளவைப் பிற நாடுகள் அறியாதிருக்கும் பொருட்டுச் செய்தவர் பெயரையே மறைத்தனர். மௌசர் தொழிற்சாலையைக் குறிக்க 'எஸ் 42' என்றும், 1941 முதல் 'பி.வை.எஃப்.' என்னும் மூன்று சிற்றெழுத்துகளையும் பொறித்தனர். வால்தரின் மறைகுறி 'ஏ.சி.' என்பதாகும். அக்காலத்தில் அயலாரை மயக்குவதற்கு இட்ட குறி, இன்று ஆராய்வார்க்குப் பிறப்பிடத்தைச் சொல்லும் குறியாயிற்று.

தொடர் எண்ணைப் பற்றிப் பலர்க்கும் ஒரு மயக்கம் உண்டு. எண் ஒன்று கிடைத்தால், ஜெர்மனிக்கு எழுதிக் கேட்டவுடன் துப்பாக்கியை வைத்திருந்த வீரன் பெயர் வந்துவிடும் என நம்புகின்றனர். படைத்துறை லூகரில் எண்கள் 1 முதல் 10,000 வரை சென்று, பின் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் 1இலிருந்து தொடங்கும். ஆண்டு மாறினால் பெரும்பாலும் தொடரும் புதிதாகும். ஆகவே ஒரே எண்ணைத் தாங்கிய துப்பாக்கிகள் பல உண்டு. செய்தவர், ஆண்டு, எண், எழுத்து ஆகிய நான்கும் கூடினாலன்றி ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய இயலாது. எனினும் எண்ணால் வேறொரு பயன் உண்டு. அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் சிறு உறுப்புகளிலும் பொறிக்கப்பட்டிருக்கும். அவை யாவும் ஒத்திருந்தால் துப்பாக்கி பிறந்த மேனியோடு இருக்கின்றது. ஒவ்வாவிடின், இடையில் எவரோ உறுப்பை மாற்றியுள்ளனர் என்பது பெறப்படும்.

இனிக் கணக்கப்பிள்ளை வீட்டுக் கதையை இக்குறிகளின் முன் நிறுத்திப் பார்க்கலாம். பெட்டியில் இருப்பது மௌசர் என்று கொள்வோம். அதன் மரக்கைப்பிடியில் சிவந்த நிறத்தில் பெரிய 9 என்னும் எண் செதுக்கப்பட்டிருக்கின்றது. மௌசரின் வழக்கமான ரவை 7.63 மில்லிமீற்றர். போரில் துப்பாக்கிப் பஞ்சம் ஏற்பட்டபோது, 1916இல் ஜெர்மன் சேனை 9 மில்லிமீற்றர் ரவைக்கு ஏற்ற மௌசர் 1,50,000 வேண்டும் எனக் கேட்டது. வீரர்கள் ரவையை மாற்றி இடாதிருக்கவே அச்சிவப்பு எண் செதுக்கப்பட்டது. கலிப்போலியிலிருந்து பிரித்தானியப் படையின் கடைசி அணி நீங்கியதோ 1916 ஜனவரி 9ஆம் நாள். இன்னும் பிறவாத துப்பாக்கியை எவரும் பறித்திருக்க முடியாது. ஆகையால், கலிப்போலிக் கதை நில்லாது. அதனால் துரை பொய்யர் என்று முடிவு கட்டுதலும் தவறு. அவர் பின்னர்ப் பிரான்சிலோ மெசப்பத்தேமியாவிலோ போரிட்டிருக்கலாம். இரண்டு ஊர்களின் பெயர் வீட்டார் நினைவில் ஒன்றாகக் கலந்திருக்கலாம். சான்று எவ்வளவு சொல்கின்றதோ அவ்வளவே கொள்ளுதல் ஆராய்வார் கடமை.

அல்லது பெட்டியில் இருப்பது லூகர் என்றும், அதில் 1917 என்னும் ஆண்டோடு 1920 என்னும் மற்றோர் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளது என்றும் கொள்வோம். போரின் முடிவில் ஜெர்மனியில் ஆயுதங்கள் கட்டுக்கடங்காமற் சிதறிக் கிடந்தன. அரசுக்கு உரிமையானவற்றைப் பிரித்தறிய அந்நாட்டரசு 1920இல் இவ்விரண்டாம் குறியை இட்டது. எனவே, இரட்டை ஆண்டு தாங்கிய துப்பாக்கி 1918இல் எவராலும் பறித்துக்கொண்டு போகப்படவில்லை. 1920இலும் அது ஜெர்மன் அரசின் கையிலேயே இருந்தது. இன்னும் ஒன்று: 'ஆங்கில நாட்டுச் செய்பொருள் அன்று' என ஆங்கிலத்தில் ஒரு வாசகம் சில துப்பாக்கிகளில் காணப்படும். அது 1925 முதல் 1955 வரை பிரித்தானியப் பரிசோதனைச் சாலைகள் அயல்நாட்டுத் துப்பாக்கிகளில் இட்ட குறி. அதனைக் கண்டால் அப்பொருள் அக்காலத்தில் பிரித்தானிய வாணிகத்தின் வழியே வந்தது எனத் துணியலாம்.

இரும்பு சொல்வது இவ்வளவே. எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது, எதுவாக இருக்க முடியாது என்பனவற்றை அது சொல்லும். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை அது சொல்லாது. அதற்கு ஏடு வேண்டும். ஏடுகளின் கதையோ துயரமானது. பிரஷியச் சேனையின் ஆவணங்களிற் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் பொட்ஸ்டாம் நகரின்மேல் விழுந்த குண்டுகளால் எரிந்தது. மௌசர் தொழிற்சாலையின் ஏடுகள் போர் முடிந்தபின் பிரெஞ்சுப் படையதிகாரி ஒருவரின் ஆணையால் அழிக்கப்பட்டன. முதல் உலகப் போரில் ஊழியம் செய்த பிரித்தானியச் சிப்பாய்களின் பதிவுகளிற் பாதிக்கு மேற்பட்டவை 1940 செப்டம்பரில் இலண்டனில் ஜெர்மன் குண்டுவீச்சால் எரிந்தன. மாத்தளைக் கச்சேரியின் வரி ஏடுகளோடு சேர்த்து எண்ணினால், துப்பாக்கியின் கதையைச் சொல்லவேண்டிய ஏடுகளைத் துப்பாக்கி ஏந்திய காலங்களே அழித்தன என்பது விளங்கும்.

ஆயினும் எல்லாம் அழியவில்லை. போரில் ஊழியம் செய்தோர்க்கு வழங்கிய பதக்கங்களின் பதிவுகள் இலண்டனில் எஞ்சியுள்ளன. இலங்கையிலே, பெர்குசன் நிறுவனத்தார் வெளியிட்டுவந்த இலங்கை வழிகாட்டி நூல்கள், எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்துக்கு எவர் துரையாக இருந்தார் என்பதைப் பெயரோடு தருகின்றன. கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் பழைய நிர்வாக ஆவணங்களும் செய்தித்தாள்களும் உள்ளன. துரை இன்ன ஆண்டில் சீமைக்குச் சென்றார் என வீட்டார் சொல்வது உண்மையா, கணக்கப்பிள்ளை அதே தோட்டத்தில் அதே ஆண்டில் இருந்தாரா என்பவற்றை இவற்றால் அறுதியிடலாம். தோட்டத்துப் பழைய கடிதம் ஒன்றோ, பங்களா வாசலில் எடுத்த நிழற்படத்தின் பின்புறம் எழுதிய ஒரு வரியோ, நூறு பக்கக் கதையைவிடப் பெறுமதி உடையதாகலாம். இவை எல்லாவற்றினும் சிறந்தது ஒன்று உண்டு. அதுவே பாட்டனார் பெயரில் வழங்கிய துப்பாக்கி அனுமதிப்பத்திரம். அது கிடைத்தால், துரை கொடுத்ததையும் பாட்டனார் மறைக்காமல் ஏற்றதையும் அரசாங்கமே சாட்சி சொல்கின்றது. கிடைக்காவிடின், அது கொடுக்கப்பட்டதா, விட்டுச் செல்லப்பட்டதா, எடுக்கப்பட்டதா என்னும் வினா எஞ்சி நிற்கும்.

இவ்வினா ஒரு கணக்கப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் உரியதன்று. நாடுகளையும் அது விட்டதில்லை. கண்டி அரசருக்கு லெவுகே திசாவை என்னும் பிரபு 1745ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த பீரங்கி ஒன்றைக் காணிக்கையாக அளித்தார். 1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் கண்டியைத் தாக்கியபோது அது கொள்ளையாகச் சென்றது. 1800 முதல் நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகச் சேகரிப்பில் அது இருந்துவந்தது. அங்கே அதனைக் கண்டு வியந்தோர் பலர். அது எவ்வாறு அங்கு வந்தது என வினவியோர் சிலர். இரு நாட்டு அறிஞரும் கூடிப் பொருளின் வேலைப்பாட்டையும் பழைய ஆவணங்களையும் ஒத்துப்பார்த்து, அது பறித்துச் செல்லப்பட்டதே எனத் தெளிந்தனர். 2023 டிசம்பரில் அப்பீரங்கியும், வாள்கள், கத்தி, துப்பாக்கிகள் ஆகிய ஏனைய ஐந்து பொருள்களும் இலங்கைக்குத் திரும்பின. 258 ஆண்டுகள் கழிந்த பின்னரும், எவ்வுரிமையால் கைமாறியது என்னும் வினா உயிரோடு இருந்தது. நேர்மையாக வினவியபோது விடையும் கிடைத்தது.

ஆகவே, பரம்பரைத் துப்பாக்கியின் பூர்வீகத்தை ஆராய முற்படுவோர், தமக்குப் பிடித்த விடையைத் தேடிச் செல்லலாகாது. இரும்பின் குறி, ஏட்டின் பதிவு, பெரியோர் வாய்மொழி ஆகிய மூன்றும் மூன்று சாட்சிகள். ஒன்று மட்டும் சொல்வது செய்தி. இரண்டு ஒத்துச் சொல்வது நம்பத்தக்கது. மூன்றும் ஒன்றுபட்டால் அதுவே வரலாறு. பெரியோர் உயிரோடிருக்கும்போதே அவர் சொல்வதைத் தேதியிட்டு எழுதி வைத்தல் பிள்ளைகளின் கடமை. இரும்பும் ஏடும் காத்திருக்கும், முதியோர் காத்திரார்.

இறுதியில் அப்பொருள் என்னாகும்? 1971ஆம் ஆண்டிலும், 1987 முதல் 1989 வரையிலும் இந்நாட்டில் நிகழ்ந்த கொந்தளிப்பில், வீட்டைக் காக்க வைத்திருந்த துப்பாக்கியே வீட்டுக்கு ஆபத்தை அழைத்து வந்ததைக் கண்டவர் இன்னும் இருக்கின்றனர். ஆதலின், அனுமதி பெற இயலாத சுடுகலனை அதிகாரிகளிடம் ஒப்படைத்தலே அறிவுடைமை. ஒப்படைத்துவிட்டால் பாட்டனார் நினைவு போய்விடுமே என வருந்துதல் வேண்டா. குறிகளின் படமும், தேடியெடுத்த ஏட்டின் பிரதியும், மெய்யென்று தெளிந்த கதையும் ஒரு கோவையில் இருக்குமாயின், பெட்டியின் அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி மறைத்து வைத்திருந்ததைவிட அது மேலான சீதனமாகும். அக்கோவையைப் பேரப்பிள்ளை எவரும் அச்சமின்றிக் கையில் எடுக்கலாம்.